பிள்ளையைத் தனியாகக் கொண்டு வராதே

அன்புள்ள மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீட்டுக்கு வர, நீ வாசல் படலையடியில் தனியாக நின்றாய். வவுனியாவிலிருந்து ஐந்து வாரப் பிள்ளையையும் மனைவியையும் விட்டுவிட்டு ஒருவன் காலை பஸ்ஸில் தாழ்வுபாட்டுக்கு வந்து நிற்கிறான் என்றால் சுகம் விசாரிக்க வரவில்லை என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. கதிரையின் நுனியில் இருந்தாய். நான் வைத்த தேத்தண்ணியை நீ தொடவில்லை. பிறகு, மனப்பாடம் செய்துகொண்டு வந்தவன் மாதிரி ஒரே மூச்சில் சொன்னாய். “அம்மா, ஜெசிந்தாவுக்குத் தாய்ப்பாசம் எண்ட ஒண்டே இல்லை. பிள்ளை கத்தினா எழும்பிப் போய்ப் பின்வளவில நிக்கிறாள். கத்தி, கத்தரிக்கோல் எல்லாத்தையும் அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டித் திறப்பை என்னட்டத் தாறாள். நான் வேலைக்கு, கந்தோருக்கு வெளிக்கிட்டா, பிள்ளையோட என்னைத் தனிய விட்டுட்டுப் போகாதேங்கோ எண்டு கையைப் பிடிக்கிறாள். ஒரு தாய் கதைக்கிற கதையோ இது? அவள் கொஞ்சக் காலம் வெள்ளாங்குளத்தில தாய் தகப்பனோட நிக்கட்டும். பிள்ளையை நீங்கள் வைச்சிருங்கோ. வாற சனிக்கிழமை கொண்டு வாறன்.”

போகும்போது படலையைப் பிடித்துக்கொண்டு திரும்பி, “நீங்கள் என்னை வளர்க்கேக்க இப்பிடி ஒரு நாளாவது இருந்தனீங்களோ அம்மா?” என்று கேட்டாய். மறுமொழி தெரிந்தவன் கேட்பது போலக் கேட்டுவிட்டுச் சிரித்தாய். என் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அது சம்மதம் இல்லை, மகன். வாய் வரவில்லை, அவ்வளவுதான். வாயால் சொல்ல முடியாததை எழுதித்தான் தீர்க்க வேண்டும் என்று இன்றைக்குக் கொப்பியை எடுத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ரீச்சர் நாளைக்கு வவுனியாவுக்குப் போகிறார், அவர் கையில் கொடுத்துவிடுவேன். இதை நீ ஒளிக்கத் தேவையில்லை. உன் மனைவிக்கு வாசித்துக் காட்டு. அவளின் தாய் தகப்பனுக்கும் காட்டு. உன்னோடு வேலை செய்பவர்களில் பிள்ளை பிறக்க இருக்கிறவர்கள் யாரும் இருந்தால் அவர்களுக்கும் காட்டு. இதை மறைத்து வைத்து நான் செய்த பாவம் போதும்.

நீ கேட்டதற்கு மறுமொழி, ஓம். நானும் இப்படி இருந்தேன். ஒரு நாள் இல்லை, மூன்றரை மாதம்.

நீ வயிற்றில் இருந்தபோதே நான் வேறு ஆளாகிக்கொண்டிருந்தேன், எனக்குத்தான் அது தெரியவில்லை. கருவாட்டு மணத்துக்குள் பிறந்து வளர்ந்தவள் நான். நாலாம் மாதத்தில் அந்த மணம் எங்கள் தெரு ஒழுங்கையின் மறுமுனையிலிருந்து வந்து தொண்டையைப் பிடித்தது. உன் அப்பா கரையால் வந்து ஏறும்போதே அவருடைய சேட்டில் இருக்கும் மண்ணெண்ணெய் மணம் எனக்குக் குசினி அடுப்படியில் தெரியும். ஏழாம் மாதத்தில் வீட்டைக் கூட்டிக் கூட்டி நிலத்தைத் தேய்த்தேன். வாசலில் கழுதை வந்து நின்றால்கூடத் தடி எடுத்துத் துரத்தினேன். அப்பா, “ஏனப்பா அதோட சண்டை பிடிக்கிறீர், அது பாவம்” என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏதோ ஒன்று வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று நெஞ்சுக்குள் ஒரு காவல் ஏறி இருந்துவிட்டது. அது எல்லோரும் பயந்துகொண்டிருந்த காலம். கடலுக்குப் போன வள்ளம் திரும்பி வரும்வரை கரையில் பெண்கள் நிற்பார்கள். நேவியின் படகுச் சத்தம் கேட்டால் ஊரே கதவை மூடும். அதனால் என்னுடைய பயத்தை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை.

நீ பிறந்து நாலாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து காரணமில்லாமல் அழுதேன். பால் இறங்குகிற நேரம் அப்படித்தான் என்று தாதி மிஸி சொன்னார். அது சரிதான், இரண்டு மூன்று நாளில் அழுகை நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு நீ அழுவதற்கு முன்பே எனக்கு விழிப்பு வந்துவிடும். உன் மூச்சு மாறினால் என் மார்பு நனையும். இது எல்லாத் தாய்க்கும் உள்ளது, சொல்லவும் பெருமையாக இருக்கும். ஆனால் அதே காவல்தான் மூன்றாம் கிழமை என்மேல் திரும்பியது. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அந்தக் கிணற்றுக் கட்டு பதிவு, முழங்கால் உயரம்கூட இல்லை. எட்டித் தண்ணீரைப் பார்த்தேன். நீ என் கையிலிருந்து விழுவது மாதிரி ஒரு காட்சி கண்ணுக்கு முன் வந்தது. நான் நினைக்கவில்லை மகன். நினைக்காமலே வந்தது. யாரோ ஒரு படத்தை என் முகத்துக்கு நேரே பிடித்தது மாதிரி. அந்தப் படத்தில் விழவிட்டது என்னுடைய கை.

அன்றிலிருந்து நான் கிணற்றடிக்குப் போகவில்லை. குளிப்பதற்கும் போகவில்லை. உடம்பு குளிர்கிறது என்று சொன்னேன். அடுத்த கிழமை மீன் வெட்டும் கத்தியைப் பார்க்க அதே மாதிரி வந்தது. கத்தியைக் கூரை ஓலைக்குள் செருகிவிட்டு, காணவில்லை என்று அப்பாவிடம் பொய் சொன்னேன். உன்னைத் தொட்டால் ஏதும் நடந்துவிடும் என்று பயம். தொடாவிட்டால் நீ அழுவாய். பால் கொடுக்கும்போது மட்டும் இரண்டு கையையும் சேலைத் தலைப்பால் சுற்றிக்கொள்வேன். அப்பாவிடம், “இண்டைக்குக் கடலுக்குப் போகாதேங்கோ” என்று கெஞ்சினேன். நேவிக்குப் பயந்து சொல்கிறேன் என்று நினைத்து என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அவர் நல்ல மனிதர். அவரிடம் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாரோ தெரியாது. விசர், பைத்தியம் என்று ஒரு சொல் ஊரில் புறப்பட்டால் அது திரும்பி வராது என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

ஒரு மத்தியானம் அப்பா வலை தைக்கப் போன நேரம். நீ ஏணைக்குள் கிடந்து அழுதாய். நான் உன்னை அப்படியே விட்டுவிட்டு வீட்டை விட்டு வெளியே நடந்தேன். உன்னைக் கைவிடவேண்டும் என்று போகவில்லை. என்னிடமிருந்து உன்னைத் தூரத்தில் வைக்க வேண்டும் என்று போனேன். வெயிலில் கரை நெடுகலும் நடந்து, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய வள்ளத்தின் மறைவில் போய் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. றீற்றா அக்காதான் வந்தார். உனக்கு அவரை நினைவிருக்கும், மூன்றாம் வீட்டில் இருந்தவர், நீ பள்ளிக்கூடம் போகும்போது இறால் பொரித்துத் தருவாரே, அவர். வேலிக்கு மேலால் உன் அழுகை கேட்டு உள்ளே வந்திருக்கிறார். அவருக்கும் அப்போது பால் குடிக்கிற பிள்ளை. உனக்குத் தன் பாலைக் கொடுத்துத் தூங்க வைத்து, தோளில் போட்டுக்கொண்டே என்னைத் தேடி வந்தார்.

“ஏன் பிள்ளை இங்க வந்து இருக்கிறாய்?”

“அவனைக் கிட்டக் கொண்டு வராதேங்கோ அக்கா.”

“ஏன், பிள்ளையில விருப்பம் இல்லையோ?”

“ஐயோ, அப்பிடியில்லை. என்ர கையால அவனுக்கு ஏதும் நடந்திடும் எண்டு பயமாக் கிடக்கு. கிணத்தைப் பாத்தாலும் வருது, கத்தியைப் பாத்தாலும் வருது.”

றீற்றா அக்கா கத்தவில்லை. குருசு அடையாளம்கூடப் போடவில்லை. என் பக்கத்தில் மணலில் இருந்தார். “எனக்கும் மூத்தவளோட வந்தது. எனக்கு அருவாளைப் பாத்தா வரும். எழும்பு, பிள்ளைக்குத் தலையில வெயில் படுது” என்றார். அடுத்த நாளிலிருந்து அவர் மீன் வெட்டிக் காயப்போடும் வேலையை எங்கள் வளவுக்கு மாற்றிக்கொண்டார். அவரின் மனிசன் கேட்டதற்கு, இங்கே காற்று நல்லாய் வருகிறது என்றாராம். மூன்று மாதம் ஒரு பகலும் என்னைத் தனிய விடவில்லை. நீ என் மடியில் கிடப்பாய், அவர் எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார். ஒரு நாள் காலை நானே கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தேன். அவர் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப மீனை வெட்டினார். அப்பா சாகும்வரை அவருக்கு இது தெரியாது. றீற்றா அக்காவும் யாருக்கும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு நாளும் நிம்மதியாக இருந்திருப்பேன். முடியவில்லை. உன் பிலோ சின்னம்மாவின் கதை உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உனக்குத் தெரிந்தது ஊர் சொல்கிற கதை. பிள்ளை பெற்றவுடன் அவளுக்குத் தலை பிசகிவிட்டது, அதனால் மாமி வீட்டுக்காரர் பிள்ளையை எடுத்துக்கொண்டார்கள். இவ்வளவுதான் நான் உனக்குச் சொன்னது. சொல்லாததை இப்போது கேள்.

உனக்கு நாலு வயதாக இருக்கும்போது பிலோவுக்கு மகள் பிறந்தாள். ஒரு மாதம் கழித்து நான் பார்க்கப் போனேன். அவள் சுவரில் சாய்ந்து இருந்தாள், பிள்ளை அறையின் மறு மூலையில் கிடந்தது. அவளின் மாமி வாசலில் நின்றுகொண்டு, “நீரே கேளும், உம்மட தங்கச்சிக்குப் பிள்ளை வேண்டாமாம்” என்றார். பிலோ என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். “அக்கா, எனக்கு என்னென்னவோ எல்லாம் கண்ணுக்கு முன்னால வருது. பிள்ளைக்கு நான் ஏதும் செய்திடுவன் எண்டு பயமாக் கிடக்கு. உனக்கும் உன்ர மகன் பிறக்கேக்க இப்பிடி இருந்ததோ?” என்று கேட்டாள். அவளின் மாமி நின்றார். மனிசன் நின்றான். நான் ஓம் என்று சொன்னால் அக்கா தங்கை இரண்டு பேருக்கும் பரம்பரை விசர் என்று ஆகிவிடும், உன் அப்பாவின் காதுக்குப் போகும், உன்னையும் என்னிடமிருந்து எடுத்துவிடுவார்கள். இவ்வளவும் ஒரு நொடியில் என் தலைக்குள் ஓடியது. “இல்லை” என்றேன். “எனக்கு அப்பிடி ஒண்டும் இருக்கேல்ல.”

பிலோ தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. உலகத்தில் தனக்கு மட்டும்தான் இப்படி என்று அந்த நிமிடம் அவள் முடிவெடுத்தாள். அதற்குச் சாட்சி சொன்னவள் நான். அடுத்த கிழமை அவளைக் கொண்டுவந்து எங்கள் அம்மா வீட்டில் விட்டார்கள், பிள்ளையைத் தாங்கள் வைத்துக்கொண்டார்கள். “கொஞ்சக் காலம்” என்றுதான் அவர்களும் சொன்னார்கள், நீ சொன்ன அதே சொல். அம்மா அவளை மடு மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் நேர்த்தி வைத்தார். அங்கே மர நிழலில் இரண்டு கிழமை கிடந்ததில் அவளுக்குக் கொஞ்சம் நித்திரை வந்தது. ஆறு ஏழு மாதத்தில் அவள் முழுதாகத் தேறிவிட்டாள். பிள்ளையைக் கேட்டுப் போனாள். பிள்ளை அவளைப் பார்த்து அலறிக்கொண்டு மாமியின் கழுத்தைக் கட்டியது. “இப்ப அதுக்கு ஆரைத் தெரியும்? அதைக் குழப்பாதே” என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்று முறை போனாள். நாலாம் முறை போவதற்குள் நாட்டில் மறுபடி யுத்தம் வந்தது. அவர்கள் பிள்ளையோடு இந்தியாவுக்குப் படகேறிவிட்டார்கள். பன்னிரண்டு வருடம். சமாதானம் என்று சொன்ன காலத்தில் திரும்பி வந்தபோது பிலோ ஒரு புதுச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போனாள். பிள்ளை மரியாதையாக எழும்பி நின்று, “வாங்கோ அன்ரி” என்றது. இன்றைக்கும் லண்டனிலிருந்து நத்தார்ப் பண்டிகைக்குப் போன் எடுக்கும்போது அன்ரி என்றுதான் கூப்பிடுகிறாள். அந்தப் பிள்ளைமேல் பிழையில்லை.

திங்கட்கிழமை நான் மன்னார்ப் பட்டினத்துக்குப் போய்க் கிளினிக்கில் ஒரு பொம்பிளை டொக்டரைச் சந்தித்தேன். இளம் பிள்ளை, உன் வயதுகூட இராது. என்னுடைய கதையையும் ஜெசிந்தாவின் கதையையும் சொல்லி, “இது என்ன பிள்ளை?” என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் முதல்முறை கேட்கிறேன். அந்தப் பிள்ளை பேனையை மூடி வைத்துவிட்டுச் சொன்னது. “அம்மா, வயித்தில பிள்ளை இருக்கேக்க ஹோர்மோன் எண்டு சில சுரப்புகள் உடம்பில கூடிக்கொண்டே போகும். அது கர்ப்பப்பைக்கு மட்டும் வேலை செய்யிறேல்ல, மூளைக்கும் போகுது. தாயின்ர மூளையைப் படம் எடுத்துப் பாத்தால் பிள்ளை உண்டாக முந்தியும் பெத்த பிறகும் ஒரே மாதிரி இல்லை. பிள்ளையின்ர முகத்தை வாசிக்கிறதுக்கும், ஆபத்தை மோப்பம் பிடிக்கிறதுக்கும் அது தன்னை மாத்திக்கொள்ளுது. நீங்கள் கழுதையைத் துரத்தினதும் அதுதான். பேந்து நஞ்சுக்கொடி வெளிய வந்த கையோட அந்தச் சுரப்பெல்லாம் ரெண்டு மூண்டு நாளில விழுந்திடும். கன பேருக்குக் கொஞ்சம் அழுகையோட போயிடும். சில பேருக்கு அந்தக் காவல் அடங்காமல் நிண்டு, இல்லாத ஆபத்தையெல்லாம் காட்டும். ஏன் ஒருத்திக்கு வருது, இன்னொருத்திக்கு வரேல்ல எண்டு எங்களுக்கும் இன்னும் முழுசாத் தெரியாது. நித்திரையின்மை, தனிமை, குடும்பத்தில முந்தி இருந்தது, எல்லாம் சேரும்.” நான் கேட்டேன், “அப்ப நான் கெட்ட தாய் இல்லையோ?” அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்தது. “கத்தியை ஒளிச்சு வைச்சது ஆர் அம்மா? பிள்ளையில பாசம் இல்லாத ஆளோ?” என்றது. அந்த இடத்திலேயே, வரிசையில் நின்ற ஆட்களுக்கு முன்னால், நான் அழுதேன்.

டொக்டர் இன்னும் சொன்னதை நீ கவனமாகக் கேள். இது மருந்தாலும் கதைத்துப் பேசுவதாலும் மாறுகிற வருத்தம், நோய்தான். ஜெசிந்தாவை இந்தக் கிழமையே வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. பால் கொடுக்கிறாள் என்று சொல், அதற்கேற்ற மருந்து இருக்கிறது. தன்னைத் தனியே விடவேண்டாம் என்று அவள் கேட்டால் விடாதே, லீவு எடு. ஆனால் நாட்கணக்கில் நித்திரையில்லாமல் அவள் உலாவினாலோ, யாரோ தன்னோடு கதைப்பதாகச் சொன்னாலோ, பயம் போய் ஏதோ நிச்சயம் வந்தவள் மாதிரி விசித்திரமாகப் பேசினாலோ, சாக வேண்டும் என்று ஒரு சொல் வந்தாலோ, விடியட்டும் என்று பார்க்காமல் அந்த நேரமே கொண்டு போ. அது வேறு வருத்தம், அது பொறுக்காது. இன்னொன்றும் சொன்னார். தகப்பனின் மூளையும் மாறுமாம், வயிற்றில் சுமந்து இல்லை, பிள்ளையைத் தூக்கித் தூக்கி. நீ உன் மகளை எத்தனை தரம் குளிப்பாட்டினாய், மகன்? எத்தனை தரம் அவளைத் தோளில் போட்டாய்? தாய்ப்பாசம் இல்லை என்று சொல்லத் தெரிந்த உன்னிடம் இதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

உன்னை இப்படிப் பேச வைத்ததும் நான்தான். உன்னை ஒரு நிமிடம் கீழே விட்டதில்லை என்று உன் கல்யாண வீட்டில்கூட எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். ஜெசிந்தா வயிற்றோடு இருந்தபோது, “பயப்பிடாத பிள்ளை, முகத்தைப் பாத்த உடனே எல்லாம் மறந்துபோகும்” என்றேன். முகத்தைப் பார்த்த பிறகும் மறக்காத பயத்தோடு அவள் யாரிடம் வருவாள்? என்னிடமா? நேற்றுக் காலை நீ கந்தோருக்குப் போன நேரம் அவளுக்குப் போன் எடுத்தேன். கிணற்றடியைச் சொன்னேன்.

“மாமி, உண்மையாவோ சொல்லுறீங்கள்?”

“மாதா அறியச் சொல்லுறன் பிள்ளை.”

“பிறகு அது இல்லாமல் போனதோ?”

“போனது. உன்ர மனிசனைப் பார், ஆறடி வளந்து நிக்கிறான்.”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு கேட்டாள், “அவர் பிள்ளையைக் கொண்டு போகப் போறாரோ மாமி?” எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. “கேட்டவன். நான் விடமாட்டன்” என்றேன்.

போனை வைத்துவிட்டு பிலோவிடம் போனேன். உண்மையைச் சொல்ல முப்பது வருடத்துக்குக் கிட்ட நான் நடக்காமல் விட்ட தூரம் அது, நாலு ஒழுங்கைதான். அவள் முற்றத்தில் கருவாடு பிரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். “பிலோ, அண்டைக்கு உன்ர மாமிக்கு முன்னால நீ கேட்டனி. நான் இல்லை எண்டனான். பொய். எனக்கும் இருந்தது.” அவளின் கை நின்றது. என்னைப் பார்க்கவில்லை. “ஏன் அக்கா அண்டைக்குச் சொல்லேல்ல?” என்றாள். கோபம் இல்லாமல் கேட்டாள், அதுதான் தாங்க முடியவில்லை. பயம் என்றேன். என் மகனை, உன்னை, எடுத்துவிடுவார்கள் என்ற பயம். அவள், “என்ர பிள்ளையை எடுத்தவங்கள்தானே” என்றாள். பெரியது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கமாகப் பிரித்துக்கொண்டே இருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். தருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லுவாள் என்று நான் எதிர்பார்த்தும் போகவில்லை.

நான் எழும்பிப் படலைவரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது. “எப்ப போறாய் வவுனியாவுக்கு?” வெள்ளிக்கிழமை காலை என்றேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து நின்றாள். “நானும் வாறன். அந்தப் பிள்ளை என்னைப் பாக்கட்டும். உன்ர மகனும் பாக்கட்டும்.”

ஆகவே சனிக்கிழமை நீ இங்கே வரவேண்டாம். பிள்ளையைத் தாயில்லாமல் கொண்டு வந்தால் நான் கை நீட்டி வாங்கமாட்டேன். நாங்கள் இரண்டு பேரும் வெள்ளிக்கிழமை அங்கே வருவோம். நான் வேண்டிய நாள் வரைக்கும் ஜெசிந்தாவுக்குப் பக்கத்தில் இருப்பேன். பிலோ சின்னம்மாவை உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்து. உன் மகளை நீயே தூக்கிக்கொண்டு வந்து அவளின் மடியில் வை. அவள் எவ்வளவு நேரம் வைத்திருக்க விரும்பினாலும் வைத்திருக்கட்டும். பிறகு அவள் பிள்ளையை ஜெசிந்தாவின் கையில் கொடுப்பாள். அப்போது நீ பக்கத்தில் நின்று பார்.

அம்மா